பாக்கியத்தின் மாடும் என் பயிற்சி நோட்டும்

எங்கள் துறையில் இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் கொண்டுவரப் போகிறார்களாம். "மேடம், உங்கள் கல்லூரிக் கால இனிய நினைவுகளை நான்கு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். இனிய நினைவு என்று என் கைவசம் அதிகம் இல்லை. எரிச்சல் வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதைத் தருகிறேன், அச்சில் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் 'சேவை', 'தியாகம்' என்ற இரண்டு சொற்களை என் கட்டுரைக்குள் யாரும் சொருகக் கூடாது. நான் எந்தத் தியாகமும் செய்யவில்லை. மாடு அறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதற்குக் குறுக்கே நின்ற எல்லோரோடும் சண்டை போட்டேன், அவ்வளவுதான்.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. அறுபதுகளின் கடைசியில் எனக்குச் சென்னையில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, தெருவே துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போனது. "மனுஷ டாக்டருக்கு மார்க்கு பத்தலியாம்மா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. மார்க்கெல்லாம் பத்தியது. நானாகக் கேட்டுத்தான் மாட்டுக்குப் போனேன். இதை இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை.

ஏன் மாடு என்றால், மாகறலில் என் அத்தை வீட்டில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சைக்கிளில் வந்த ஒரு டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, வானத்தைப் பார்த்தபடியே கன்றைத் திருப்பி எடுத்தார். கண்ணால் பார்க்காமல் கையாலேயே பார்க்கிற வேலை. அன்று பிடித்த பைத்தியம்.

கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். காலையெல்லாம் ஃபார்மலினில் ஊறிய எலும்பும் சதையும், மதியம் தூங்கி வழிகிற பாடம், சாயங்காலம் விடுதிச் சாம்பார். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வந்தால், அப்பா என்னைத் தறிக்கு நாலு முழம் தள்ளியே நிறுத்திவிடுவார். "முகூர்த்தப் பொடவைம்மா. பொண வாடையோட கிட்ட வராதே" என்பார். நான் மூன்று தடவை குளித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கோழி, நாய், கண்ணில் பூ விழுந்த ஆடு எல்லாம் வரிசையாக நிற்கும். மார்க்கு பத்தலியா என்று கேட்ட அதே ஆட்கள்தான் கோழியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கூடவே ஒரு ஆதங்கம் வேறு. "மாட்டு டாக்டரை யாரும்மா கட்டிக்கினு போவான்?"

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. பெண்கள் படித்து முடித்தால் கோழிப் பிரிவுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவுவார்கள் என்பது அப்போது எல்லோரும் எடுத்துக்கொண்ட முடிவு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கடைசி ஆண்டுக்கு முந்திய விடுமுறையில் ஏதாவது ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு கொடுப்பார்கள். அதில் ஒரு கட்டம், 'பெரிய விலங்கு அறுவை: தன் கையால் செய்தது'. பக்கத்தில் அங்கிருக்கும் டாக்டரின் கையெழுத்து. அந்தக் கட்டம் காலியாக வந்த பெண்ணைக் கோழிப் பக்கம் அனுப்ப யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண் வேண்டும். ஒன்று போதும்.

சொந்த ஊரிலேயே பயிற்சி வாங்கிக்கொண்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குச் சிகாமணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். காலை எட்டு மணிக்கு இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டோடு வந்து, மேஜைமேல் மூன்று பேனாக்களை வரிசையாக வைப்பார். நீல மை வந்த மாட்டின் விவரத்துக்கு. பச்சை மை கொடுத்த மருந்துக்கு. சிவப்பு மை அறுவைக்கு. சிவப்புப் பேனாவில் மை காய்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மாட்டை முற்றத்தில் கட்டியிருப்பார்கள். அவர் வராந்தாவை விட்டு இறங்க மாட்டார். அங்கிருந்தே மூன்று கேள்வி கேட்பார். சாணி போகிறதா, அசை போடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா. பிறகு பச்சைப் பேனாவைத் திறந்து, சுக்கும் சோடாவும் கலந்த வயிற்றுப் பொடியை எழுதுவார். நான் ஏதாவது சொன்னால், "பார்க்கலாம்மா" என்பார். கோபப்படவே மாட்டார். ஒரு மனிதர் ஒரு நாளில் எத்தனை தடவை 'பார்க்கலாம்மா' சொல்ல முடியும் என்று நான் எண்ணத் தொடங்கி, நான்காம் நாள் கை வலித்து விட்டுவிட்டேன்.

காரணத்தை அட்டெண்டர் யேசுதாஸ் அண்ணன் சொன்னார். முசரவாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். அவர் பிடித்தால் எந்த மாடும் திமிறாது. "முன்ன இருந்த ஊர்ல ஒரு பெரிய மனுஷன் வூட்டுக் காளைக்குக் கத்தி வச்சாரும்மா. அது அங்கியே வுழுந்து உசுர வுட்டுருச்சி. மறுநாளே ஐயாவ இங்க தூக்கிப் போட்டாங்க. அன்னிலேர்ந்து கத்திப் பொட்டியத் தொறக்கறதேயில்ல" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய பயத்துக்கு என் கட்டம் ஏன் காலியாகக் கிடக்க வேண்டும்?

மூன்று வாரம் ஊசி கொதிக்க வைத்தேன். சீசாவுக்குச் சீட்டு ஒட்டினேன். மூன்று மாட்டுக்குக் கொம்பு சீவினேன். நான்காவது வாரம் பாக்கியக்கா தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பாக்கியக்கா எங்கள் பக்கத்துத் தெரு. புருஷன் கூலிக்கு நெய்கிறவர். அக்கா நூல் சுற்றுவாள், காலையில் ஐந்தாறு வீட்டுக்குப் பால் ஊற்றுவாள். மாட்டின் பெயர் லச்சுமி. நான்கு மாதச் சினை.

"ராஜி, எட்டு நாளா தீனியே எடுக்க மாட்டேங்குதும்மா. வவுறு உப்பிக்கினு நிக்குது பாரு."

டாக்டர் வராந்தாவிலிருந்து மூன்று கேள்வி கேட்டார். பொடி எழுதினார். இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தாள். பொடியோடு எண்ணெய் சேர்த்து எழுதினார். மறுபடியும் இரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். பொடியை இரட்டிப்பாக்கி எழுத ஆரம்பித்தார். நான் அதற்குள் முற்றத்தில் இறங்கிவிட்டேன்.

இடுப்பெலும்புக்கு முன்னால் இடதுபக்கம் இருக்கிற குழியில் முஷ்டியை வைத்து அழுத்தினேன். நல்ல மாடாக இருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறையாவது உள்ளே இரைப்பை புரண்டு முஷ்டியை வெளியே தள்ளும். இங்கே எந்த அசைவும் இல்லை. பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்குமோ என்று பார்க்க, நெஞ்சுக்கு அடியில் மூங்கில் கழியைக் கொடுத்து யேசுதாஸ் அண்ணனும் நானும் தூக்கினோம். கம்பி குத்தியிருந்தால் வலியில் முனகும். முனகவில்லை. சோப்புப் போட்ட கையைப் பின்பக்கமாகத் தோள்வரை விட்டுப் பார்த்தேன். கன்று இருக்கும் இடம் தனியாகத் தெரிந்தது. அதற்கு இடதுபக்கம், இரைப்பைக்குள் கெட்டியாக ஏதோ ஒன்று. தள்ளினால் நகர்ந்து, விட்டால் திரும்ப வந்தது.

"சார், இரைப்பையில ஏதோ அடைச்சிருக்கு. திறந்துதான் எடுக்கணும்" என்றேன்.

"பார்க்கலாம்மா. ஒரு வாரம் பொடி குடுப்போம்."

பாக்கியக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம தரகர் வராருங்க சாமி. உசுரோட நின்னா ஓட்டிக்கினு போறேன்றாரு. வுழுந்துட்டா தோலுக்குத்தான்றாரு. வவுத்துல கன்னு இருக்குதே சாமி."

எனக்கு வாய் அடங்கவில்லை. எல்லோர் முன்னாலும், "நீங்க பயப்படறீங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. யேசுதாஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். டாக்டர் பச்சைப் பேனாவை மூடி, மற்ற இரண்டோடு வரிசையாக வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு எனக்குச் செங்கல்பட்டுல மீட்டிங். சாயங்காலம்தான் வருவேன். அலமாரிச் சாவி டிராயர்ல இருக்கும். யேசுதாஸ், டிராயரைப் பூட்ட வேணாம்."

அவ்வளவுதான். இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது நாளைக்குக் கேட்டால், ஒரு அர்த்தமும் இல்லை என்று அவர் சொல்லிவிடலாம். மாடு பிழைத்தால் நல்லது, செத்தால் அவர் ஊரில் இல்லை. கத்தியை எடுக்கச் சொல்லவும் இல்லை, எடுக்காதே என்று சொல்லவும் இல்லை. இப்படி ஒரு உத்தரவை நான் அதற்குப் பிறகு முப்பது வருட அரசாங்க வேலையில் பல பேரிடம் பார்த்துவிட்டேன், ஆனால் இவ்வளவு சுத்தமாகக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

கல்லூரியில் இந்த அறுவையை மூன்று முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறை காயத்தை விரித்துப் பிடித்திருக்கிறேன். ஒரு முறைகூடக் கத்தி என் கையில் இருந்ததில்லை. மாடு செத்தால் பாக்கியக்காவுக்கு மாடு போகும், எனக்குப் படிப்பு போகும். இரண்டும் தெரிந்துதான் புதன்கிழமை காலை, பாக்கியக்காவும் அவள் புருஷனும் ஓட்டிக்கொண்டு வந்த லச்சுமியை மரச் சட்டத்துக்குள் நிறுத்தினேன்.

யேசுதாஸ் அண்ணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இடதுபக்கம் முடியைச் சிரைத்து, சோப்பால் மூன்று முறை கழுவி, டிங்சர் தடவினேன். மரத்துப்போகும் ஊசியை முதுகெலும்பை ஒட்டி நான்கு இடத்தில் ஆழமாகப் போட வேண்டும். நான்குக்கும் லச்சுமி துள்ளினாள். முதல் ஊசி எலும்பில் பட்டு வளைந்தது. இரண்டாவது தடவை குத்தியபோது என் பெயர் சொல்லித் திட்டுவதுபோலவே கத்தினாள். இருபது நிமிடம் காத்திருந்து, ஊசி முனையால் தோலைக் குத்திப் பார்த்தேன். அசையவில்லை.

தோல், அதற்குக் கீழே மூன்று அடுக்குத் தசை, கடைசியில் மெல்லிய சவ்வு. சவ்வைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. இரைப்பையின் சுவரை வெளியே இழுத்து, முதலில் அதைத் தோலோடு சுற்றிலும் தைத்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டு உள்ளிருக்கும் ஒரு துளி வயிற்றுக்குழியில் ஒழுகினாலும் மாடு நாலே நாளில் போய்விடும். நான் தைத்த தையலை நானே நம்பாமல் மேலே இன்னொரு சுற்று தைத்தேன். பிறகுதான் இரைப்பையை அறுத்தேன். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. கையை விட்டேன்.

விரலில் கயிறு மாதிரி சிக்கியது. இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. மஞ்சளும் அரக்கும் பச்சையுமாக, வைக்கோலோடும் மயிரோடும் பின்னிக்கொண்டு, நூல். பட்டு நூல். ஒரு பலாக்காய் அளவுக்குத் திரண்டு கிடந்தது. துண்டு துண்டாக அறுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது.

பாக்கியக்காவின் புருஷன் அதுவரை மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். நூலைப் பார்த்ததும் கிட்டே வந்துவிட்டார். "இந்த அரக்கு போன தீவாளிக்கு நெய்ஞ்சது. இதோ, இந்தக் கிளிப்பச்ச தை மாசம்" என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்.

கையை மாட்டின் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே கத்தினேன். "மாமா, நூலு எப்படி மாட்டு வவுத்துக்குள்ள போச்சு?"

பதில் எனக்கே தெரியும். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீளமாகக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி உலர்த்தும்போது அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவார்கள். விரல் நீளத் துண்டுகள் மிஞ்சும். மிச்சக் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றும்போது அந்தத் துண்டுகளையும் அதிலேயே போட்டுவிடுவார்கள்.

"பட்ட கால்ல மிதிக்கக் கூடாதேம்மா" என்றாள் பாக்கியக்கா. "குப்பையில போட்டா மிதிபடும். அதான் தொட்டியில போட்டோம். அதுவும் லச்சுமி, இதுவும் லச்சுமி."

எங்கள் வீட்டிலும் அதேதான். சின்ன வயதில் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பயபக்தியோடு தொட்டியில் போட்டது நான்தான். நான்கு வருடம் இரைப்பையைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். கஞ்சி வாசனைக்கு மாடு நூலையும் சேர்த்து விழுங்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அன்று நான் போட்ட கூச்சலில் முக்கால்வாசி என்மேல் எனக்கிருந்த கோபம்.

இரைப்பைக்கு இரண்டு வரிசைத் தையல், தசைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. மூன்றாம் நாள் காலை பாக்கியக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். லச்சுமி மெதுவாகத் தாடையை அசைத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் பாவு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன்.

டாக்டர் சிவப்புப் பேனாவைக் கழுவி மை நிரப்பியிருந்தார். பதிவேட்டைப் பார்த்தேன். 'இரைப்பை அறுவை. செய்தவர்: சிகாமணி. உதவி: யேசுதாஸ்.'

"என் பேரு எங்க சார்?"

"உன் பேரைப் போட்டா, பட்டம் வாங்காத பொண்ணு தனியா கத்தி எடுத்ததுன்னு ஆகும். காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான்மா. உன் நோட்டுல கொம்பு சீவினது மூணுன்னு போட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அவர் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை சண்டை போட்டிருப்பேன்.

தையல் பிரிக்கும் நாளும் ஜில்லா அதிகாரி தணிக்கைக்கு வரும் நாளும் ஒன்றாக அமைந்தது. அமைந்தது என்ன, டாக்டர்தான் அப்படி அமைத்துக்கொண்டார். இரண்டு வருடமாகச் சிவப்பு மை இல்லாத பதிவேட்டைப் பார்த்து அதிகாரி போன தடவை ஏதோ கேட்டிருந்தாராம். பாக்கியக்காவிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "யாரு கேட்டாலும் டாக்டர் ஐயா பண்ணாருன்னு சொல்லுக்கா. இல்லன்னா என் படிப்பு போயிடும்." அக்கா சத்தியம் செய்து ஒப்புக்கொண்டாள். அதிகாரி முற்றத்தில் கால் வைத்ததும், அவர் கேட்காமலேயே, "டாக்டரய்யாதான் சாமி அறுத்தாரு" என்றாள். குடையை மடக்குவதற்குள் இன்னொரு தடவை சொன்னாள்.

அதிகாரி வயதானவர், கனத்த உருவம், மாட்டைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தார். டாக்டர் சிகாமணி வராந்தாவிலிருந்து இறங்கி, நான் பார்த்து முதல் தடவையாக ஒரு மாட்டின்மேல் கைவைத்தார். லச்சுமி அவருடைய இஸ்திரி போட்ட கோட்டை நக்கினாள்.

"ஆறிப்போயிருக்கே. பிரிச்சிடலாம்" என்றார் அதிகாரி.

கத்தரிக்கோலும் ஸ்பிரிட்டும் வைத்த தட்டோடு நான் உள்ளிருந்து வந்தேன். பத்தடி இருக்கும்போதே லச்சுமி தலையைத் தூக்கினாள். மூக்கு விடைத்தது. இன்னும் இரண்டு அடி வைத்ததும் கயிறு விறைத்தது, பின்னங்கால் பறந்தது, தட்டு எங்கேயோ போய் விழுந்தது, ஸ்பிரிட் முழுவதும் அதிகாரியின் செருப்பில். நான் பின்வாங்கினேன், அடங்கினாள். கிட்டே போனேன், மறுபடி குதித்தாள். "ச்சூ, லச்சுமி, நம்ம ராஜிடீ!" என்று பாக்கியக்கா கத்தினாள்.

அதிகாரி செருப்பைப் பார்க்கவே இல்லை. "நீ அந்தப் பக்கமா சுத்தி வாம்மா" என்றார். வந்தேன். அந்தப் பக்கமும் உதைத்தாள்.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா மாடு அறுக்கறேன் சிகாமணி. அறுத்தவன் கோட்டை எந்த மாடும் நக்கினதில்லை."

"டாக்டரய்யாதான் சாமி" என்றாள் பாக்கியக்கா மறுபடியும்.

என் படிப்பு போய்விட்டது என்று நினைத்தேன். டாக்டர் சிகாமணி தன் கோட்டிலிருந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்தார். 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இந்தப் பொண்ணுதான் சார் செஞ்சா. சாவியை வச்சிட்டுப் போனது நான். அவளை விட்டுடுங்க, விளக்கம் என்கிட்ட கேளுங்க" என்றார்.

அதிகாரி என்னிடம் ஊசி எத்தனை இடம், எத்தனை அடுக்குத் தையல், உள்ளே என்ன இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் 'ஒன்று' என்று தன் கையாலேயே எழுதி டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதே சூட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு ஆளுக்கொரு மெமோவும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அதிகாரி கிளம்பினார். வேலைக்குச் சேரும் முன்பே மெமோ வாங்கியவள் எங்கள் துறையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோழிப் பிரிவில் நான் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. படித்து முடித்ததும் மாடுகளுக்குத்தான் போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். லச்சுமி அந்தக் கன்றை நல்லபடியாகப் போட்டாள், பிறகு இன்னும் இரண்டு. மூன்று பிரசவத்துக்கும் பாக்கியக்கா எனக்குத்தான் ஆள் அனுப்பினாள். மூன்று தடவையும் நான் தெருமுனையில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த யேசுதாஸ் அண்ணனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தேன்.